ஈறில் ரத்தம்: பல் கழுவினால் பல் ஆடுமா?

லயத்துப்பையன் | 3 மார்ச் 2024, இரவு 9.12

பல் விளக்கும்போது கீழ்வரிசை முன்பல், உள்பக்கம் ரத்தம். ஒரு மாசமா இருக்கு, வலி இல்லை. அந்த இடத்தைத் தொடாம விளக்கினா ரத்தம் நிக்குது, ஆனா வாய் நாறுது. கிளினிக் பெர்கிகியான்ல (அரசாங்கப் பல் கிளினிக்) சூச்சி கிகி, அதான் மெஷின் வச்சுப் பல் கழுவறது, பண்ணிக்கலாம்னா வீட்டுல விட மாட்டேங்கறாங்க. கழுவினா பல் ஆடுமாம், மேல் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) பெரியவருக்கு நாலு பல் போச்சாம். அத்தை இது உடம்புச் சூடு, பார்லி குடிங்கறாங்க. சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) பக்கம் விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

காரைக்கொத்தி | 3 மார்ச், இரவு 10.05

சூடு இல்லை. தொடாமல் விட்டதுதான் பெரிய தப்பு.

பல் விளக்கி வாய் கொப்பளித்த சில நிமிடத்திலேயே எச்சிலில் உள்ள புரதம் பல்மேல் மெல்லிய சவ்வாகப் படிந்துவிடும். சில மணி நேரத்தில் கிருமிகள் அதில் ஒட்டிக் குடும்பம் நடத்த ஆரம்பிக்கும். இதுதான் ஊத்தை. ஈறோரமாக நகத்தால் வழித்துப் பார், வெள்ளையாக, புளித்த மாவு மாதிரி வரும். அது நாள்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் உடம்பு சண்டைக்கு ஆள் அனுப்பும். ரத்தக் குழாய்கள் விரியும், ஈறு தடிக்கும், பல்லைத் தழுவி நிற்கிற உள்தோல் மெலிந்து புண்ணாகும். பிரஷ் படும்போது கசிவது அந்தப் புண். புண்ணுக்குக் காரணமான ஊத்தையை அங்கேயே விட்டுவிட்டு ரத்தம் நின்றது என்கிறாய். நாற்றம் வருவதும் அந்த ஊத்தையிலிருந்துதான்.

1965-இல் டென்மார்க்கில் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. இந்தக் கட்டத்தில் பிடித்தால் ஒன்றும் இழப்பில்லை, முழுசாகத் திரும்பும்.

கீழ்வரிசை உள்பக்கம் ஏன் என்றால், நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஊத்தையில் இறங்கி அதைக் கல்லாக்கும், அதுதான் காரை. ஒரு வாரம் இரண்டு வாரத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும். மேல் கடைவாயில் கன்னத்தைப் பார்த்த பக்கமும் அப்படியே, அங்கே இன்னொரு சுரப்பி திறக்கிறது. காரையான பிறகு எந்த பிரஷாலும் எடுக்க முடியாது. அதன் மேற்பரப்பு பவளப்பாறை மாதிரி சொரசொரப்பு, புது ஊத்தை தங்குவதற்குத் தோது.

பல் ஆடுகிற கதையை நாளைக்கு எழுதுகிறேன்.

பெரட்டு மணி | 4 மார்ச், காலை 5.20

பெரட்டுக்கு (தோட்டத்துல காலை ஆள்கணக்கு) போற அவசரத்துல பல்லைத் தொட்டாலே பெரிய விஷயம், இதுல ஈறோரம் வேறயா. ஒரு சந்தேகம். எங்க பழைய தோட்டத்துல மலைத்தண்ணிதான், குழாய்த்தண்ணி பின்னாடிதான் வந்துச்சு. குழாய்த்தண்ணில கலக்குற ஃபுளோரைடு இல்லாததால்தான் பழைய ஆளுங்களுக்கு ஈறு கெட்டுச்சுன்னு சொல்றாங்களே?

காரைக்கொத்தி | 4 மார்ச், இரவு 8.40

ஃபுளோரைடு சொத்தைக்கு. இந்த நாட்டில் குடிநீரில் ஃபுளோரைடு கலக்க 1972-இல் முடிவெடுத்தார்கள், இப்போது லிட்டருக்குச் சுமார் 0.5 மில்லிகிராம். பல்லின் மேல்பூச்சைக் கெட்டிப்படுத்தும், அவ்வளவுதான். சொத்தையே இல்லாத வாயில் ஈறு முழுக்க அழுகிக் கிடப்பது உண்டு. "என் பல்லு இரும்பு, ஒரு ஓட்டை கிடையாது" என்று பெருமை பேசுகிற ஆள்தான் 50 வயதில் முழுப் பல்லையும் கையில் எடுத்துக்கொண்டு வருவார்.

இப்போது பல் ஆடுகிற விஷயம். பல் எலும்புக்குள் ஆணி அடித்த மாதிரி நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் ஊஞ்சல் கயிறு போலப் பிடித்திருக்கின்றன. ஈறோரத்து வீக்கம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடித்தால் அந்த நார்கள் அறுந்து, ஈறு பல்லைவிட்டுக் கழன்று பை மாதிரி ஆகும். பைக்குள் காற்று புகாது. காற்றில்லாமல் வாழ்கிற, இன்னும் மோசமான கிருமிகளுக்கு அது வசதி. உடம்பு அவற்றிடமிருந்து விலக எலும்பைத் தானே கரைத்துக்கொள்கிறது. எலும்பைத் தின்பது கிருமி என்று எல்லாரும் நினைக்கிறோம். நம் உடம்பின் எதிர்ப்புதான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. இத்தனை நடந்தும் வலிக்காது.

அதற்குள் காரை பல்லுக்குப் பல் பாலம் கட்டிவிடும். கீழ் முன்பல் ஆறும் பின்னால் ஒரே பாறையாக ஒட்டி நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். எலும்பு பாதி போயிருந்தாலும் அந்தப் பாறை பல்லை ஆடாமல் பிடித்துவைக்கும். கழுவும்போது பாறை போகிறது, ஆட்டம் தெரிகிறது. வீக்கமும் வற்றுவதால் பல்லிடுக்கில் கறுப்பு முக்கோணம் போல ஓட்டை தெரியும், "கழுவி இடைவெளி ஆக்கிட்டாங்க" என்பார்கள். பெரியவருடைய எலும்பு பத்து வருஷத்துக்கு முன்னாலேயே போக ஆரம்பித்திருக்கும்.

கழுவிய முதல் ஒன்றிரண்டு வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும், வேர் வெளியே தெரிவதால். மேல்பூச்சு சுரண்டப்பட்டதால் இல்லை. கழுவுகிற கருவியின் முனை வினாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும், கூடவே தண்ணீர் பீய்ச்சும், பக்கவாட்டில் வைத்து நகர்த்திக்கொண்டே போவார்கள். முனையைக் குத்தி ஒரே இடத்தில் நிறுத்தினால்தான் பல்லில் கோடு விழும். முனை 2 மி.மீ. தேய்ந்துவிட்டால் பாதி வேலைதான் செய்யும், பிறகு ஆள் கையை அழுத்துவார், அதில்தான் வலி. கழுவியும் உள்ளே காரை மிச்சம் என்றால் தேய்ந்த முனை ஒரு காரணம்.

தாமான் அக்கா | 4 மார்ச், இரவு 9.30

வைட்டமின் சி குறைஞ்சா ஈறில் ரத்தம் வரும்னு ஸ்கூல்ல படிச்சோமே. ஆரஞ்சு சாப்பிட்டா சரியாகாதா?

காரைக்கொத்தி | 4 மார்ச், இரவு 9.41

மாசக்கணக்கில் காய்கறி பழமே இல்லாமல் கப்பலில் போனவர்களுக்கு வந்தது அது. தினமும் ரசமும் ஊறுகாயும் கொய்யாவும் சாப்பிடுகிற வீட்டில் ஈறில் ரத்தம் வந்தால் முதலில் ஊத்தையைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு சாப்பிடுங்கள், பிரஷையும் எடுங்கள்.

காரைக்கொத்தி | 6 மார்ச், இரவு 11.15

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரத்தம் வந்தால் எலும்பு போவது நிச்சயம் என்கிற மாதிரி இருக்கிறது. திருத்துகிறேன்.

இதற்கு நல்ல சாட்சி நம் சனத்திடமிருந்தே இருக்கிறது. 1970-இல் ஆரம்பித்து 15 வருஷம், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆண் தொழிலாளர் 480 பேரின் வாயை அளந்துகொண்டே வந்தார்கள். தமிழர்கள், பல் வைத்தியம் பார்த்ததே இல்லை, பிரஷ் பழக்கமும் இல்லை. எல்லார் வாயிலும் ஊத்தை, எல்லாருக்கும் ஈறு வீக்கம். 1986-இல் வெளிவந்த முடிவு: 100-க்கு 11 பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது, எலும்பு போகவில்லை. 81 பேருக்கு மெதுவாகப் போனது. 8 பேருக்கு வெகு வேகமாக. 35 வயதில் இந்த 8 பேர் கூட்டத்துக்குப் பிடிமானம் சராசரி 9 மி.மீ. போயிருந்தது, நடுக்கூட்டத்துக்கு 4 மி.மீ., முதல் கூட்டத்துக்கு 1 மி.மீ.கூட இல்லை. 45 வயதில் வேகக் கூட்டம் 13, நடுக்கூட்டம் 7. வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதை நினைவில் வைத்துப் படிக்கவும்.

ஆக, ஊத்தை இல்லாமல் நோய் வராது. ஊத்தை இருப்பவருக்கெல்லாம் ஒரே வேகத்தில் வராது. தாத்தா பல்லே விளக்காமல் 80 வயதுவரை கரும்பு கடித்தார் என்று யாராவது சொன்னால் நம்பலாம், அவர் அந்த 11 பேரில் ஒருவர். நீ எந்தக் கூட்டம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ரத்தம் வருவதைவிட வராமலிருப்பதுதான் நம்பகமான சேதி. அளக்கும்போது தொடர்ந்து ரத்தம் வராத இடம் கெடுவது அபூர்வம். வருகிற இடம் கெடலாம், கெடாமலும் இருக்கலாம். புகை பிடிப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது, கீழே எழுதுகிறேன்.

மருந்துக்கடைப் பக்கம் | 7 மார்ச், பகல் 1.30

பார்மசிக்கு வந்து "ஈறுக்கு ஆன்டிபயாட்டிக் குடுங்க" என்று கேட்பவர்களுக்கு மூன்று விஷயம்.

மெட்ரோனிடசோல் என்கிற ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது. போன தடவை மிச்சமான மாத்திரையை விழுங்காதீர்கள். ஊத்தை ஒரு பசைக்கூடு, மாத்திரை ரத்தம் வழியாக வந்து அதை உடைக்காது. கையால் சுரண்டி உடைத்த பிறகு, சிலருக்கு மட்டும், மாத்திரை துணை. அந்த மாத்திரை சாப்பிடும் நாளிலும் முடிந்து இரண்டு நாளும் பீர், சம்சு, கள்ளு எதுவும் கூடாது, குமட்டிப் போட்டுவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் பல் வீங்குகிறவர்கள் கவனிக்க.

வாய் கொப்பளிக்கும் மருந்தில் குளோர்ஹெக்சிடின் நல்லதுதான். 0.12 சதம் என்றால் 15 மி.லி., 0.2 சதம் என்றால் 10 மி.லி., 30 வினாடி, நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா இழுக்காதீர்கள், பல் பழுப்பாகும், நாக்கு ருசி மாறும். தே தாரிக் பிரியர்களுக்குப் பழுப்பு இன்னும் சீக்கிரம். பல் விளக்கினதும் கொப்பளியுங்கள்.

மருந்துக்கடைப் பக்கம் | 7 மார்ச், பகல் 2.05

மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். பற்பசையில் உள்ள நுரைப்பொருள் அந்த மருந்தைச் செயலிழக்க வைக்கும். விளக்கி அரை மணி கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும்.

காரைக்கொத்தி | 7 மார்ச், இரவு 9.00

கூடவே: எந்தத் தண்ணி மருந்தும் ஈறுப் பைக்குள் இறங்காது, வாசலோடு திரும்பிவிடும். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பும் அப்படித்தான். எண்ணெய் கொப்பளித்துக் காரையைக் கரைத்தேன் என்பவர் அதே எண்ணெயால் சிமெண்டுத் தரையையும் கரைத்துக் காட்டட்டும்.

பிரஷர் மாத்திரைக்காரர்கள் கவனிக்க: அம்லோடிபின் சாப்பிடுகிற சிலருக்கு ஈறு தடித்து, முன்பல் இடுக்கில் உருண்டை உருண்டையாக வளரும். வலிப்பு மருந்து ஃபெனிட்டாயினும் அப்படிச் செய்யும். எல்லாருக்கும் வராது, ஊத்தை நிறைய உள்ள வாயில் அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் எகிறினால் ஈறைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்க மாட்டோம். கிளினிக்கில் காட்டினால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள், கழுவினாலே ஓரளவு வற்றும்.

பெரட்டு மணி | 8 மார்ச், இரவு 7.50

மாமா நாப்பது வருஷமா ரொக்கோ (சிகரெட்) இழுக்கறார், ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. அவருக்கு ஈறு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

காரைக்கொத்தி | 8 மார்ச், இரவு 10.20

அவருக்குத்தான் முதலில் அளக்க வேண்டும். புகையிலை ஈறின் ரத்தக் குழாயைச் சுருக்கும். மணி அடிக்க வேண்டிய இடத்தில் மணியின் நாக்கைக் கட்டிவிட்ட மாதிரி. ஈறு வெளிறி, தோல் தடித்து, பார்க்கக் கெட்டியாக இருக்கும், அடியில் 7 மி.மீ. பை கிடக்கும். புகையை விட்ட சில வாரத்தில் ரத்தம் வர ஆரம்பித்தால் பயந்துபோய் மறுபடி பற்றவைக்காதீர்கள். ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்பியிருக்கிறது.

வெற்றிலையில் புகையிலை சேர்த்து ஒரே கன்னத்தில் அடக்குகிற ஆயாக்களுக்கு அந்தப் பக்கத்து ஈறு இறங்கி வேர் தெரியும். அவர்களுக்கு ஈறைவிடக் கன்னத்து உள்தோலைப் பார்ப்பது அவசரம்: வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் முழுசாகத் திறக்க முடியாத இறுக்கம். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும் கிளினிக்கில் காட்ட வேண்டியது. இது வேறு இழைக்கான விஷயம், ஆனால் சொல்லாமல் போக மனசில்லை.

தாமான் அக்கா | 9 மார்ச், காலை 11.10

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவங்களுக்கு?

காரைக்கொத்தி | 9 மார்ச், இரவு 8.15

இரண்டு பக்கமும் இழுக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு சீக்கிரம் கெடும், புண் ஆற நாளாகும், திடீர் திடீரென்று ஈறில் சீழ்க்கட்டி வரும். ஈறில் நிரந்தர வீக்கம் இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும். ஈறுக்குச் சரியாக வைத்தியம் பார்த்த மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 சதப் புள்ளி குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சின்ன எண்ணாகத் தெரியும், இரண்டாவது மாத்திரை சேர்க்கலாமா என்று டாக்டர் யோசிக்கிற இடத்தில் அது பெரிய எண். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதம் பேருக்கு இனிப்பு நீர். இனிப்பு நீர் கார்டு வைத்திருக்கும் எல்லாரும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் கிளினிக்குக்குத் தெமு ஜன்ஜி (முன்பதிவு) போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காலையிலேயே போங்கள். வெறும் வயிற்றோடு போய் நாற்காலியில் மயங்கி விழுவது நடக்கிறது.

பள்ளியில் படிக்கிறவரை பல் குழு பள்ளிக்கே வந்து பார்த்துவிடுகிறது. ஐந்தாம் படிவம் முடிந்ததும் வலித்தால்தான் போகிறோம். ஈறு நோய் வலிக்காது. 2010-இல் நாடு முழுக்கப் பெரியவர்களைப் பார்த்ததில் பல் உள்ளவர்களில் 100-க்கு 94 பேருக்கு ஏதோ ஒரு அளவில் ஈறுக் கோளாறு, 18 பேருக்குக் கடுமை.

லயத்துப்பையன் | 15 மார்ச், இரவு 9.05

போய்ட்டு வந்தேன். ஒரு குச்சியை வச்சு ஈறுக்குள்ள குத்திக் குத்தி நம்பர் சொன்னாங்க, மிஸ்ஸி (நர்ஸ்) எழுதிக்கிட்டாங்க. 2, 1, 2, 3, 2, 3. என்ன பரீட்சை இது?

காரைக்கொத்தி | 15 மார்ச், இரவு 10.30

வாயை ஆறு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மோசமான இடத்துக்கு ஒரு எண். அந்தக் குச்சியின் நுனியில் 0.5 மி.மீ. உருண்டை, மேலே 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. 20, 25 கிராம் எடை வைத்த அளவு மெல்ல அழுத்தினால் போதும், அதற்கே நொந்தால் அங்கே வீக்கம்.

0 என்றால் சுத்தம். 1 ரத்தம் மட்டும். 2 காரை உண்டு, பை இல்லை. 3 என்றால் கறுப்புப் பட்டையில் கொஞ்சம் ஈறுக்குள் மறைகிறது. 4 என்றால் பட்டை முழுக்க மறைந்துவிட்டது, பை 5.5 மி.மீ.க்கு மேல். ஆரோக்கியமான ஈறிலும் 1 முதல் 3 மி.மீ. பள்ளம் இருக்கும், அது இயல்பு.

உனக்கு 4 இல்லை. 3 உள்ள இரண்டு பாகத்தைக் கழுவிய பிறகு பல்லுக்குப் பல் அளந்து மறுபடி எழுதுவார்கள். பை குறையவில்லை என்றால் மரப்பு ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டின காரையை எடுப்பார்கள். அந்தக் காரை ஈறுக்குமேல் உள்ளது போல மஞ்சள் இல்லை, கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது, கருவியின் சொரசொரப்பைக் கைவிரலில் உணர்ந்துதான் எடுக்கணும். அதனால் நேரமாகும், பாதி வாய் ஒரு நாள், மறுபாதி இன்னொரு நாள்.

அதன் பிறகு 8 முதல் 12 வாரம் குச்சியை உள்ளே விடமாட்டார்கள், ஈறு ஒட்டிக்கொள்ள விடணும். 4, 5 மி.மீ. பை சராசரி ஒரு மி.மீ. குறையும், 7-க்கு மேல் உள்ளது இரண்டு குறையும். கணக்குப் போட்டுப் பார்: 5 மி.மீ.யில் வந்தால் 4-க்கு இறங்கி பிரஷுக்கு எட்டும். 9-இல் வந்தால் 7-இல் நிற்கும், பிறகு ஈறைத் திறந்து சுத்தம் செய்ய நிபுணரிடம்தான் போகணும். போன எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. கடைவாய்ப் பல்லின் வேர் பிரிகிற கவட்டைக்குள் காரை போய்விட்டால் நிபுணர் கைக்கே முழுசாக எட்டாது.

எக்ஸ்ரே எடுத்தால் இன்னொரு கணக்கும் கேள். மோசமான பல்லில் எலும்பு எத்தனை சதம் போயிருக்கிறதோ அதை வயதால் வகுப்பார்கள். 0.25-க்குக் கீழ் மெதுவான வகை, 1-க்கு மேல் வேகமான வகை. 40 சதம் போன 64 வயதுக்காரர் 0.6 சொச்சம், நடு வகை. அதே 40 சதம் 30 வயதில் என்றால் 1.3, வேக வகை. நாளைக்குப் பத்து சிகரெட்டோ எச்பிஏ1சி 7-ஓ இருந்தால் கணக்கே வேண்டாம், வேக வகையில் போடுவார்கள்.

பெரட்டு மணி | 16 மார்ச், காலை 5.15

அப்ப விளக்குறது எப்படின்னு எழுதுங்க, இன்னும் ஆரம்பிக்கலை நீங்க.

காரைக்கொத்தி | 16 மார்ச், இரவு 9.45

ஆமாம், விட்டுவிட்டேன்.

ராத்திரி வேளைதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறையும், கிருமிக்குக் கொண்டாட்டம். பெரட்டுக்கு முன் இருட்டில் அரை நிமிஷம் விளக்கினாலும் பரவாயில்லை, ராத்திரி இரண்டு நிமிஷம் குறையக் கூடாது. பிரஷ் மிருதுவானது. ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் 45 டிகிரி சாய்த்து, பாதி மயிர் ஈறுமேல், பாதி பல்மேல். இரண்டு மூன்று பல் ஒரு தடவை, இடம் நகராமல் பத்து முறை குறுகலாக அசைத்து அடுத்ததற்குப் போ. உள்பக்கத்தையே முதலில் விளக்கு, கடைசியில் வைத்தால் எல்லாருக்கும் கை அலுத்துவிடும். கீழ் முன்பல் உள்பக்கத்துக்குப் பிரஷைச் செங்குத்தாகப் பிடி.

பிரஷ் பல்லிடுக்குக்குப் போகாது, நோய் ஆரம்பிப்பதே இடுக்கில். இடைவெளி இறுக்கமாக இருந்தால் நூல். ஈறு இறங்கி ஓட்டை தெரிந்தால் இடைப்பல் பிரஷ், கம்பி உரசாமல் மயிர் மட்டும் இரண்டு பக்கமும் லேசாக அழுந்துகிற அளவு. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படும், ஒரே அளவை எல்லா இடுக்கிலும் திணிப்பதுதான் வழக்கமான தவறு. முதல் வாரம் ரத்தம் வரும், நிறுத்தாதே. இரண்டு வாரத்துக்கு மேலும் ஒரே இடத்தில் வந்தால் உள்ளே காரை மிச்சம்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றது சரி, நுனியைக் கடித்து நார் பிரித்து விளக்கினால். உள்பக்கம் எட்டாது என்பதுதான் குறை. உமிக்கரி, செங்கல் தூள், கல்லுப்பு மூன்றையும் விட்டுவிடுங்கள். ஈறு இறங்கி வெளியே வந்த வேர் மேல்பூச்சைவிட மென்மை, பல்லின் கழுத்தில் கோடாலி வெட்டு மாதிரி பள்ளம் விழும்.

லயத்துப்பையன் | 31 மார்ச், இரவு 8.55

கழுவி பதினோரு நாள் ஆச்சு. கீழ்வரிசை உள்பக்கம் ரத்தம் நின்னுருச்சு. மேல் வலது கடைவாய்ல மட்டும் இன்னும் வருது, 3 போட்ட இடம். பல்லு ஆடலை. ஜூன்ல திரும்ப அளக்கத் தெமு ஜன்ஜி. அத்தை இப்ப தனக்கும் ஒண்ணு போடச் சொல்றாங்க, ஆனா ரத்தம் நின்னது பார்லியாலதானாம்.

காரைக்கொத்தி | 31 மார்ச், இரவு 9.20

பார்லியும் குடிக்கட்டும், சீனி போடாமல். அந்தக் கடைவாய் இடுக்கில் எந்த அளவு இடைப்பல் பிரஷ் போகிறது என்று ஜூனில் கேட்டு வாங்கு. அத்தைக்குப் பிரஷர் மாத்திரை உண்டென்றால் அதன் அட்டையை எடுத்துப் போகச் சொல்.